உன் மாமனார் தோட்டத்து இலை

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் மாமனார் கையிலிருந்துதான் வாங்கியிருப்பாய். பெற்ற பிள்ளைக்கு நான் எழுதும் கடிதம்கூட அந்த மனுஷன் கைவழியாகத்தான் உனக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது, பார். காலையில் ஆம்பூரில் பஸ் ஏறி, வாணியம்பாடியில் மாறி, திருப்பத்தூர் வந்து, அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ கல்லூரியிலிருந்து திரும்ப சாயந்திரம் ஆகும் என்றார்கள். காத்திருந்து நேரில் சொல்லலாம்தான். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு நாலரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். முழுக்கப் படித்து முடிக்கும்வரை எனக்குப் போன் செய்யாதே.

வெள்ளிக்கிழமை உன் தீசிஸ் அச்சுக்குப் போகிறது என்று முந்தாநாள் சொன்னாய். மூன்று தோட்டத்து மல்பெரி இலைகளில் மாமா தோட்டத்து இலைதான் முதலில் நிற்கிறது என்று குரலெல்லாம் சிரிப்பாகச் சொன்னாய். தம்பி, அது மாமா தோட்டத்து இலை இல்லை. மாற்றி வைத்தவன் நான். அது அச்சில் ஏறுவதற்குள் உனக்குத் தெரிய வேண்டும், ஏன் செய்தேன் என்பதும் தெரிய வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

எனக்கு உன் மாமனார் மேல் பொறாமை. கொஞ்சநஞ்சம் இல்லை, சோறு தொண்டையில் இறங்காத அளவுக்குப் பொறாமை. அவருடைய நிலத்தின் மேல் இல்லை, பட்டுப்புழுக் கொட்டகை மேலும் இல்லை. நீ அவரை ‘மாமா’ என்று கூப்பிடும்போது உன் குரலில் ஓர் இழுவை வருகிறதே, அதன் மேல். என்னை ‘அப்பா’ என்று கூப்பிடும்போது அது வருவதில்லை. உன் அம்மா இதைக் கண்டுபிடித்து ரொம்ப நாள் ஆகிறது. “ஊர்ல மாமியாகாரி மருமக மேல பொறாமைப்படுவா. நீ இன்னாய்யா, சம்பந்தி மேல பொறாமைப்படுற? வெளிய சொன்னா சிரிப்பாங்க” என்பாள். சிரிக்கட்டும். வயிறு எரிவது எனக்குத்தானே.

எனக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நீ மருந்தியல் படித்து, ஆராய்ச்சிக்கு மல்பெரி இலையை எடுத்தபோது எனக்காகத்தான் எடுத்தாய் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். நீ அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனாலும் தெருவில் கண்டவரிடமெல்லாம் “எம் பையன் எனக்காக மருந்து கண்டுபிடிக்கிறான்” என்று சொல்லித் திரிந்தேன். அந்த நாட்களில் நீயும் எல்லாவற்றையும் எனக்குச் சொல்வாய். “நாம சாப்பிடுற சோறு குடல்ல போய் சர்க்கரையா உடையுதுல்லப்பா, அந்த உடைக்கிற வேலைய இந்த இலை கொஞ்சம் மெதுவாக்குது. அதனால சுகர் ஒரேயடியா ஏறாது” என்றாய். “அப்ப மாத்திரைய உட்டுடலாமா?” என்று நான் கேட்டதற்கு, கை ஓங்காத குறையாகத் திட்டினாய். “இதெல்லாம் இன்னும் டியூப்லயும் எலிகிட்டயும்தான் இருக்குது. மனுசனுக்கு எவ்ளோ குடுக்கணும்னு எனக்கே தெரியாது. மாத்திரைல கை வெச்ச, பேஜாராயிடும் சொல்லிட்டேன்.” நீ திட்டினது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அக்கறை இல்லாதவன் திட்டுவானா?

ஒரு விடுமுறை நாளில் என்னை உன் லேபுக்குக் கூட்டிப் போனாயே, நினைவிருக்கிறதா? கண்ணாடிக் குழாய்களில் ஊதா நிறத் தண்ணீர் வைத்திருந்தாய். இலைச் சாற்றை அதில் விட்டதும் ஊதா மெல்ல வெளுத்து மஞ்சளாக மாறியது. எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு ஆன்டிஆக்சிடன்ட் சத்து என்றாய், உடம்பு உள்ளுக்குள் துருப்பிடிக்காமல் காக்கிற சத்து என்று எனக்குப் புரிகிற மாதிரியும் சொன்னாய். முப்பத்திரண்டு வருஷம் டேனரியில் தோலின் நிறத்தைப் பார்த்தே பதம் சொன்னவன் நான். மூன்று குழாய்களில் எது ஜாஸ்தி வெளுத்தது, எது கம்மி என்று உன் மிஷின் சொல்வதற்கு முன்னால் நான் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினாய். அந்த ஒரு தட்டை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

அப்புறம் இலை பறிக்கத் திருப்பத்தூர் பக்கம் போனவன், பெண்ணையும் பார்த்துவிட்டு வந்தாய். மருமகள் தங்கம். அவளைப் பற்றி ஒரு சொல் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் அவளோடு சேர்ந்து அவள் அப்பாவும் நம் வீட்டுக்குள் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீ அங்கே. திரும்பி வந்தால் வாய் நிறைய மாமா. கொழுந்திலிருந்து எத்தனையாவது இலையைப் பறிக்க வேண்டும் என்று மாமா சொன்னார். வெயில் ஏறுவதற்கு முன் பறித்தால்தான் இலை வாடாது என்று மாமா சொன்னார். மாமா சொன்னார், மாமா சொன்னார். நான் ஒன்று சொன்னால் “சரிப்பா” என்பாய், அதோடு முடிந்தது.

பொங்கலுக்கு இங்கே வந்திருந்தபோது ஒரு காட்சி பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் சர்க்கரை தொடங்கியிருந்தது. நீ சுகர் மிஷினை எடுத்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலைப் பிடித்துப் பஞ்சால் துடைத்தாய். “கொஞ்சம் சுருக்குனு இருக்கும் மாமா” என்று சொல்லிவிட்டுக் குத்தினாய். ரத்தம் வராததால் விரலை நீவி நீவி விட்டாய். பன்னிரண்டு வருஷமாக நான் ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில் தனியாக நின்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறேன். என் விரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? அன்றைக்குப் பொங்கல் இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தேன். பசியில்லை என்றேன். நீ நம்பிவிட்டாய்.

ஆனால் நியாயமாகப் பார்த்தால் உன்னை விரட்டியவன் நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நீ இரண்டாம் வருஷம் படித்தபோது ஒரு நாள் ஓடி வந்து, “அப்பா, நீங்க ஆவாரம்பட்டைய ஊறவெச்சு தோல் போடுவீங்கல்ல, அந்தப் பட்டைல இருக்கிற துவர்ப்பும், நாங்க இலைல தேடுற சத்தும் ஒரே குடும்பம்ப்பா. நீங்க பட்டைய எப்டி ஊற வெப்பீங்க, எத்தினி நாளுன்னு சொல்லேன், எழுதிக்கிறேன்” என்று நோட்டும் கையுமாக நின்றாய். அன்றைக்கு மேனேஜர் பத்து பேர் முன்னால் என்னைத் திட்டியிருந்தான். அந்தக் கடுப்பில், “உன்ன படிக்க வெச்சது இந்த நாத்தத்த எழுதி வெச்சுக்கவா? போய் வேற வேலையப் பாரு” என்று கத்தினேன். நீ நோட்டை மூடிக்கொண்டு போனாய். அதற்கப்புறம் என் வேலையைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்ட அன்று கதவைச் சாத்திவிட்டு, அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறானே என்று புலம்பினால் யார் என்ன செய்வது? நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அது கேள்வி கேட்டு வந்து நிற்கும்போது மேனேஜரை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வா.

கல்யாணமான புதிதில் உன் மாமனார் ஐந்து மல்பெரிக் குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். “கொல்லையில நட்டு வைங்க சம்பந்தி. மாப்பிள்ள இலைக்கு இவ்ளோ தூரம் அலையறாரு” என்றார். வாங்கும்போதே எனக்கு எரிச்சல். ஆனாலும் நட்டேன். நட்டபின் அதன் மேல் ஒரு வெறியே வந்துவிட்டது. காலை மாலை கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினேன். ஐந்தும் தழைத்தது. அவர் தோட்டத்துச் செடி மாதிரி தளதளவென்று இல்லை, இலை கொஞ்சம் சின்னது, தடிப்பு. ஆனால் என் கையால் வளர்த்தது. ஒரு நாள் உன்னிடம், “எங்கிட்டயும் இலை இருக்குது. நாலாவதா இதையும் சேர்த்துக்கயேன்” என்று கேட்டேன். நீ செடியைப் பார்க்கக்கூட இல்லை. “வேணாம்ப்பா, நம்ம தண்ணி சரியில்ல. இது ஆராய்ச்சி. மாமா தோட்டம் மாதிரி சுத்தமான மண்ணு வேணும்” என்றாய்.

நீ சொன்னது சரிதான். அந்தக் கிணற்றுத் தண்ணீரை உன் அம்மா சமையலுக்குத் தொட்டுப் பதினைந்து வருஷம் இருக்கும். சரியான பேச்சாக இருந்ததால்தான் அவ்வளவு வலித்தது.

அடுத்த வாரமே சந்தர்ப்பம் வந்தது. உன் கொழுந்தியாள் மகளுக்குக் காது குத்து. நீ சனிக்கிழமை போய் மாமா தோட்டத்து இலையைப் பறித்து வந்து, மாடி அறையில் பேப்பர் மேல் நிழலில் பரப்பி, சீட்டில் பேர் எழுதி வைத்துவிட்டு, அன்றைக்கே திரும்ப ஓடினாய். “அப்பா, வெயில் படக் கூடாது. தினம் ஒரு தடவ புரட்டிப் போடு, அது போதும்” என்று மட்டும் சொன்னாய். மறுநாள் விடிந்ததும் என் ஐந்து செடிகளையும் மொட்டையடித்தேன். உன் மாமனார் தோட்டத்து இலையை வாரிக் கூடையில் கொட்டி, பக்ரீத்துக்காகப் பக்கத்து வீட்டு பாய் வளர்த்த ஆட்டுக்குப் போட்டேன். அது தலையை நிமிர்த்தாமல் தின்றது. “இன்னா தோஸ்த், இன்னைக்கு நம்ம ஆட்டுக்கு விருந்து?” என்று பாய் கேட்டார். சம்பந்தி வீட்டுச் சீர் என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். என் இலையை அதே பேப்பரில், அதே சீட்டுக்குக் கீழே பரப்பினேன். ஒரே ரகம், ஒரே குச்சி. காய்ந்து சுருண்டபின் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. நீ வந்து அரைத்துப் பொடியாக்கி எடுத்துப் போனாய். என் இலையும் உன் குழாயில் ஒரு முறை நிறம் மாறட்டும், யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியுமே என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நீ வீட்டுக்குள் வந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. “அப்பா, மாமா இலை மத்த ரெண்டையும் தூக்கி சாப்ட்டுடுச்சு! ஊதா நிறத்த அப்டியே வெளுத்துடுச்சு. கைடே ரெண்டாந்தடவ செஞ்சு பாக்கச் சொன்னாரு, அதே ரிசல்ட்” என்றாய். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. என் செடி, என் கை! வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் நீ, “கஷ்டப்படுற செடிதான்ப்பா இந்தச் சத்த ஜாஸ்தி வெச்சுக்கும். மாமா இந்தப் பருவத்துல தண்ணிய கொறச்சு காயப்போட்டிருக்காரு, அதான். என்னா மூளை பாரு அவருக்கு!” என்றாய். உடனே அவருக்குப் போன் போட்டுக் கால் மணி நேரம் பேசினாய். கெட்ட தண்ணீரில் கஷ்டப்பட்டது என் செடி, பேர் அவருக்கு. நான் செய்த திருட்டே என் காலை வாரிவிட்டது. உண்மையைச் சொன்னால் திருடன், சொல்லாவிட்டால் அவர் மகாராஜா. உன் அம்மா காபி கொடுத்தாள். கசக்கிறது என்று திருப்பிக் கொடுத்தேன்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை பேசாமலே செத்திருப்பேன். போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் திருப்பத்தூருக்கே வீடு மாற்றிக்கொண்டு வந்தீர்கள். பால் காய்ச்சிய அன்று, சோதனைக்குப் போக மீந்த பொடியை ஒரு டப்பாவில் போட்டு உன் மாமனார் கையில் கொடுத்தாய். “உங்க தோட்டத்து இலைதான் மாமா. மாத்திரைய நிறுத்தாதீங்க, சும்மா டீ மாதிரி லேசா போட்டுக் குடிங்க” என்றாய். தன் தோட்டத்து இலை தனக்கே வந்தது என்று அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். “எனக்கு ஒரு டப்பா இல்லையே” என்றுதான் முதலில் நினைத்தேன். அவ்வளவு கேவலம் நான்.

அந்தக் கிணற்றில் என்ன இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் வேலை பார்த்த டேனரியில் அந்தக் காலத்தில் தோல் பதப்படுத்திய குரோம் ரசாயனத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்க ஆள் இல்லை. தோல் போட்ட டிரம் சுற்றி முடிந்ததும் வால்வைத் திறந்துவிடச் சொல்வார்கள், திறந்துவிடுவேன். நம் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற கால்வாயில்தான் அது போனது. அந்த மண்ணில் வேர் விட்ட செடியின் இலை அது. அதில் குரோம் ஏறியிருக்கிறதா, எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஒரு மாதமாக அவர் காலையில் அதைக் குடிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். முந்தாநாள் நீ போனில் தீசிஸ் விஷயம் சொல்லிவிட்டு, “அந்தத் தோட்டத்து இலைய வெச்சே மாமாவும் நானும் டீப்பொடி போடலாம்னு இருக்கோம்ப்பா, ரிசல்ட்ட டப்பா மேலயே போடலாம்” என்றாயே, அப்போதுதான் எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஊரில் சர்க்கரை உள்ளவனெல்லாம் என் பொய்யை நம்பி வாங்குவான்.

இன்று நான் வந்தபோது உன் மாமனார் புழுக்கொட்டகைக்குள் இருந்தார். வெளியாள் கால் வைத்தால் புழுவுக்கு நோய் வரும் என்று என்னை வாசலிலேயே நிற்கச் சொன்னார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டில் இலை போட்டுக்கொண்டே கேட்டார். முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். “நான் அதக் குடிக்கிறது உங்களுக்கு எத்தினி நாளா தெரியும் சம்பந்தி?” என்றார். முதல் நாளிலிருந்தே என்றேன். “ஒரு போன் போட்டு, குடிக்காதீங்கன்னு சொல்றதுக்கு இன்னா? காரணம்கூட சொல்ல வேணாமே. உட்டுட்டிருப்பேனே” என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தார். பாதி இருந்தது.

அப்புறம், “அப்ப நம்ம தோட்டத்து இலை முதல்ல வர்லியா?” என்று கேட்டார். அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி விழுந்துவிட்டது. ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், பாவம், நான் தெருவில் சொல்லித் திரிந்த மாதிரி. உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த முகத்தைப் பார்த்ததும் என் மனசு ஒரு கணம் குதித்தது. அடுத்த கணம் காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டும் உண்மை.

“மாப்பிள்ளகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் மூட்ன மாதிரி ஆயிடும். இன்னா இருந்தாலும் அவரு உங்க புள்ள” என்று சொல்லி, தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார். உங்க புள்ள. கல்யாணமானதிலிருந்து நான் யார் வாயிலாவது கேட்க வேண்டும் என்று கிடந்த வார்த்தையை அவர் வாயிலிருந்தா கேட்க வேண்டும்! இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. வெள்ளிக்கிழமை அச்சை நிறுத்து. கைடிடம் என் பேரைச் சொல்லியே நடந்ததைச் சொல், நீ பழி சுமக்காதே. மாமாவை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, டாக்டரிடம் குரோம் என்று வாய்விட்டுச் சொல். டப்பாவைக் கொட்டாமல் எடுத்துப் போய் சோதித்துப் பார், நம் கிணற்றுத் தண்ணீரையும் பார். அவர் தோட்டத்தில் புது இலை பறித்து முதலிலிருந்து செய். இந்தத் தரம் காய வைக்கிற வேலையை என்னிடம் கொடுக்காதே, கேட்டாலும் கொடுக்காதே. உனக்கு யார் மேலாவது பொறாமை வந்தால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடு. இரண்டு நாள் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

உன் மாமனார் என்னைப் பஸ் ஸ்டாண்டில் விட வண்டியை எடுத்துக்கொண்டிருக்கிறார். கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபம் ஆறியபின் யோசித்துப் பார். உன் தீசிஸில் எந்த இலை, எந்த ஊர், என்ன தண்ணீர் என்று கட்டம் கட்டி எழுதுவாய் அல்லவா? கைடு ஒத்துக்கொண்டால் நம் கொல்லையையும் நாலாவதாக அதில் எழுது. ஊர் ஆம்பூர். தண்ணீர், அப்பா கெடுத்த கிணறு. குரோம் இருந்தால் அதையும் மறைக்காமல் போடு, குடிக்க லாயக்கில்லை என்றே போடு. கெட்ட பேராக இருந்தாலும் பரவாயில்லை, மாமாவுக்குக் கீழே எனக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

அப்பா